நிறுத்தினவள் வராத சனிக்கிழமைகள்

கதையில் தொலைந்த மணியைத் தேடி எருமை குளத்தை ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் வில்சன் அறையை நான்கு சுற்று சுற்றிவிடுவார். கண் புத்தகத்தில் இருக்கும், கால் தன் இஷ்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். பாயில் உட்கார்ந்திருக்கும் பதினான்கு பிள்ளைகளும் படம் பார்ப்பதற்காக அவர் போகிற பக்கமெல்லாம் கழுத்தைத் திருப்பிப் பழகிவிட்டார்கள். புதிதாக வந்த ஒரு வாண்டு முதல் நாளே, "ஒரு எடத்துல நில்லுண்ணா, தல சுத்துது" என்று சொல்லிவிட்டது. வில்சன் நின்றார். அந்தப் பக்கம் முடியும்வரை நின்றார். அப்புறம் கால் கிளம்பிவிட்டது.

ராயபுரத்தில், கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் வாரியக் குடியிருப்பின் தரைத்தளத்தில், ரேஷன் கடையை ஒட்டி அந்த அறை இருக்கிறது. முன்பு தண்ணீர் மோட்டார் இருந்த அறை. சுவரில் கிரீஸ் வாடை இன்னும் போகவில்லை. சனிக்கிழமை நான்கு மணிக்கு வில்சன் பூட்டைத் திறந்தால் உள்ளே ஒரு டிரங்குப் பெட்டி, அதில் ஓர் அறக்கட்டளை கொடுத்த அறுபது கதைப் புத்தகங்கள். ஒவ்வொன்றின் பின்னட்டையிலும் கேள்விகள் அச்சடித்திருக்கும். "இந்தக் கதையைக் கேட்டபோது உன் மனம் எப்படி இருந்தது?" என்று ஒன்று. "நீ அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வாய்?" என்று இன்னொன்று. கூடவே ஒரு படிவம். பகிர்தல், பொறுமை, பிறர் நிலையில் நின்று பார்த்தல், பொது இடத்தில் நடந்துகொள்ளுதல் என்று கட்டம் கட்டமாகப் போட்டு, எந்தப் பிள்ளைக்கு எந்தக் குணம் வந்துவிட்டது என்று மாதாமாதம் டிக் அடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். வில்சன் எல்லாப் பிள்ளைக்கும் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்து அனுப்பிவிடுவார். "கொணத்த இன்னா ஸ்கேல் வெச்சா அளக்குறது" என்பார்.

உண்மையில் இது அவர் வேலையே இல்லை. முதலில் கதை சொல்ல வந்த பெண் கல்யாணமாகி ஆவடிக்குப் போய்விட்டாள். அடுத்த ஆள் வரும்வரை சாவியை வைத்திருக்கச் சொல்லி வில்சன் கையில் கொடுத்தார்கள். அடுத்த ஆள் வரவில்லை. பூட்டிய கதவுக்கு வெளியே பிள்ளைகள் சனிக்கிழமை தவறாமல் வந்து குந்தியிருந்தார்கள். சும்மா குந்தியிருக்கும் யாரைப் பார்த்தாலும் வில்சனுக்குப் பொறுக்காது. திறந்துவிட்டார், இரண்டு வருஷமாகிறது.

அவருக்கு வயது நாற்பத்தொன்று. துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டுகிற சிக்னல்மேன். மேலே கேபினில் இருப்பவருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. கீழே நிற்கும் வில்சனின் கைதான் அவருக்குக் கண். தூக்கு, இறக்கு, இடப்பக்கம் திருப்பு, மெதுவாக, இன்னும் மெதுவாக என்று நாள் முழுக்க அந்தக் கைகள் பேசிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் அவை ஓய்வதில்லை. மனைவி ரூத் சோறு போடும்போது இவர் கை தானாக உயர்ந்து உள்ளங்கையைக் காட்டும். "நான் இன்னா கிரேனாய்யா, வாயத் தொறந்து போதும்னு சொல்லேன்" என்பாள் ரூத். கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடும்போது முட்டி ஆடும். முட்டி ஆடினால் கட்டில் ஆடும். ஸ்கூட்டரில் அவள் ஒரு பக்கம் ஏறி உட்காருவதற்குள் வண்டி நகர்ந்துவிடும். இருபது வருஷமாக ரூத் ஓடித்தான் ஏறுகிறாள்.

அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. சரக்கைத் தூக்கச் சொல்லவும் இறக்கச் சொல்லவும் சிக்னல்மேன் ஒருவருக்குத்தான் உரிமை. நிறுத்தச் சொல்ல மட்டும் எல்லோருக்கும் உரிமை. டீ கொண்டுவருகிறவர் கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டி அசைத்தாலும் நிறுத்தியாக வேண்டும். வில்சனின் ஆட்கள் இதோடு தங்களுடையது ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். நிறுத்தினவரிடம் ஏன் என்று கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் சரக்கு மறுபடி நகரும். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒருவர் கை நீட்டி நிறுத்தினார். வில்சன் அவசரப்பட்டுக் கேட்காமல் தூக்கச் சொன்னார். வில்சனுடைய இடது சுண்டுவிரல் இப்போது பாதிதான் இருக்கிறது.

கதை அறையிலும் அதே சட்டம்தான். எந்தப் பிள்ளை கை நீட்டினாலும் கதை நிற்கும். சிங்கம் எல்லா விலங்குகளையும் கூட்டத்துக்கு அழைத்த கதையை சைமன் நிறுத்தினான். "கோயிய மீட்டிங்குக்கு கூப்ட்டாங்களா, துன்றதுக்கு கூப்ட்டாங்களா?" என்று கேட்டான். அதற்கு இரண்டு சனிக்கிழமை போயிற்று. தன்னிடமிருந்த ஒரே பன்னை ஒரு சிறுமி தெருவில் போனவருக்குக் கொடுத்த கதையை பெனிஷா நிறுத்தினாள். "வூட்ல அவ தம்பி சாப்ட்டானான்னு கேக்காம எப்டி குடுத்தா?" என்றாள். அதற்கு மூன்று சனிக்கிழமை. கடந்த எட்டு மாதத்தில் முடித்த கதைகள் ஐந்தே ஐந்து. அறக்கட்டளையிலிருந்து ஜெயஸ்ரீ என்பவர் வாட்ஸப்பில் "ஏன் இவ்வளவு தாமதம் சார்?" என்று கேட்டார். "புள்ளைங்க பேசிகினு கீதுங்க மேடம்" என்று வில்சன் குரல் செய்தி அனுப்பினார்.

இப்படிப்பட்ட மனிதர்தான் ஒரு பிள்ளையின் பையைக் கொட்டச் சொன்னார்.

பெட்டியில் இருந்ததிலேயே பிள்ளைகள் உயிரை விடுகிற புத்தகம் மீன் புத்தகம். நடுப்பக்கத்தைப் பிரித்தால் மடிப்பு மடிப்பாக விரிந்து ஒரு சுறா பாய் நீளத்துக்கு வரும். அதை எப்போதும் முதலில் எடுப்பவள் ஃபரா. ஒன்பது வயது. மூன்றாவது மாடி. அதிகம் பேசமாட்டாள், எந்தக் கதையையும் நிறுத்தியதில்லை. ஒரு சனிக்கிழமை மீன் புத்தகத்தைக் காணோம். பெட்டியில் தேடினார்கள், பாயைத் தூக்கிப் பார்த்தார்கள். பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிப் பார்த்தவளே ஃபராதான். வில்சனுக்கு அன்றைக்கு நான்கு மணி நேரத் தூக்கம்தான். அவர் கண் ஃபரா மேல் நின்றது. "போன வாரம் கடசியா நீதானே வெச்சிகினு இருந்த. பைய கொட்டு, பாக்கலாம்" என்றார்.

அவள் கொட்டினாள். இரண்டு நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ், கையெழுத்து வாங்காத மார்க் அட்டை, பாதி பன், நூல் பிசிறுகளை உருட்டிச் செய்த ஒரு பொம்மை. பொம்மையைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகளுக்காகக் காத்திருந்த ஐந்தாறு அம்மாக்கள் எட்டிப் பார்த்தார்கள். புத்தகம் இல்லை. "சரி, எடுத்து வெய்யி" என்றார் வில்சன். அவள் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே போட்டு ஜிப்பை இழுத்தாள். வில்சன் அதற்குள் வேறு கதையை ஆரம்பித்துவிட்டார்.

மூன்று நாள் கழித்து, லாரிக்காகக் கிரேன் காத்திருந்த நேரத்தில், கேபினிலிருந்து மாசானத்தின் குரல் வாக்கி டாக்கியில் வந்தது. மாசானம் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கிரேன் ஆபரேட்டர். ஓய்வு நேரத்தில் வில்சன் இந்தக் கதைகளை அவருக்கு வாக்கி டாக்கியில் படித்துக் காட்டுவது வழக்கம். சனிக்கிழமைக்கு ஒரு ஒத்திகையும் ஆகும். "ஏய் வில்சன், அந்த மீன் புக்கு எங்கிட்டத்தான் கெடக்கு பாத்துக்க. படம் பாக்கேன்னு நாந்தான வாங்கினேன். சீட்டுக்கு அடியில போயிட்டு" என்றார் மாசானம். கொடுத்தது வில்சனே. இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் பார்த்த நாளில் கொடுத்து, கொடுத்ததையே மறந்துவிட்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை மீன் புத்தகம் பெட்டியில் இருந்தது. "எங்கண்ணா கெடச்சிச்சு?" என்று சைமன் கேட்டான். "பொட்டிக்குப் பின்னாடி உயுந்து கெடந்துச்சு. எல்லாம் கை தட்டுங்க" என்றார் வில்சன். எல்லோரும் தட்டினார்கள். பெட்டிக்குப் பின்னால் கை விட்டுப் பார்த்திருந்த ஃபரா தட்டவில்லை. அதை வில்சன் பார்த்தார். பார்க்காத மாதிரி எருமைக் கதையை எடுத்தார்.

எருமையின் கழுத்து மணி காணாமல் போகிறது. எல்லா விலங்குகளும் கூடியிருக்கும்போது எருமை, மைனாவைத் திருடி என்று சொல்லிவிடுகிறது. பிறகு மணி குளத்துச் சேற்றில் கிடைக்கிறது. விடிகாலையில் மைனாவின் மரத்துக்குப் போய் எருமை மன்னிப்புக் கேட்கிறது. அந்தப் பக்கத்தில் ஃபராவின் கை நீண்டது. அவள் கதையை நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

"எரும ஏன் விடிகாலைல போச்சு?"

"அப்பதான் யாரும் இருக்கமாட்டாங்க" என்றாள் பெனிஷா.

"திருடின்னு சொன்னப்போ எல்லாரும் இருந்தாங்களே" என்றாள் ஃபரா. அவள் பெனிஷாவைப் பார்த்துப் பேசவில்லை.

வில்சனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு. "கதைல அப்டித்தாம்மா போட்டுக்குது. சாரி கேட்டுச்சா இல்லியா, அத்தோட உடு" என்றார். ஃபராவின் கை இறங்கவில்லை. நேரம் ஆகிவிட்டது என்று சொல்லி வில்சன் புத்தகத்தை மூடினார்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. நிறுத்தினவள் சரி என்று சொல்லாமல் கதை நகரக் கூடாது. எருமை மரத்தடியிலேயே நின்றது. வில்சன் அறையைச் சுற்றினார், பெட்டியைத் திறந்தார், மூடினார், புத்தகங்களை உயரவாரியாக அடுக்கினார், பிள்ளைகளை அரை மணி முன்னதாகவே அனுப்பிவிட்டார்.

இரண்டாவது வாரம் சைமன் ஓட்டு போடலாம் என்றான். கதை போகட்டும் என்று பன்னிரண்டு கைகள் தூக்கின. வில்சன் பக்கத்தைத் திருப்பிக்கூட விட்டார். பெனிஷா மட்டும் கை தூக்காமல், "நிறுத்துனவ இல்லாம இன்னா ஓட்டு?" என்றாள். அவள் மேல் வில்சனுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கூடவே நெஞ்சில் ஏதோ இளகவும் செய்தது. புத்தகத்தை மூடினார். மூன்றாவது வாரம் வேறு கதையை எடுத்தார். தலைப்பைப் படிப்பதற்குள் நாலைந்து கைகள் நீண்டன. "அந்த கத நிக்குதே" என்றார்கள். தான் சொல்லிக்கொடுத்ததையே தன் மேல் திருப்பிவிட்டார்களே என்று மனிதர் பேஜாராகிப்போனார்.

வேலையிலும் கை தடுமாறியது. மெதுவாக என்று காட்ட வேண்டிய இடத்தில் நிறுத்து என்று காட்டினார். மாசானம் மேலேயிருந்து என்ன ஏது என்று விசாரித்து, விஷயத்தை வாங்கிவிட்டார். "நான் வந்து சொல்லுதேன். புக்கு எங்கிட்டத்தான் இருந்திச்சுன்னு பிள்ளைங்ககிட்டச் சொல்லிட்டாப் போச்சு" என்றார். வில்சனுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சரி என்று சொல்ல வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனார். அதற்குள் மாசானம், "ஆனா பையக் கொட்டச் சொன்னது நான் இல்லல்லா?" என்று கேட்டுவிட்டார். வில்சன் பொத்தானிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம், ஷிப்ட் முடிந்து, மூன்றாவது மாடிக்கு ஏறினார். ஃபராவின் அம்மா ஜெரினா நடைபாதையில் கால் நீட்டி உட்கார்ந்து, வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்த பேன்ட் மூட்டையை மடியில் போட்டுக்கொண்டு நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம். பக்கத்து வீட்டுக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. ஃபரா மட்டும் காய்ச்சலென்று உள்ளே படுத்திருந்தாள். வில்சன் உட்காரவில்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்று, புத்தகம் தன் ஆளிடமே இருந்ததையும் தான் செய்தது தப்பு என்பதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

ஜெரினா கத்திரியை நிறுத்தவில்லை. "அண்ணே, பைய எத்தினி பேரு முன்னாடி கொட்டச் சொன்ன?"

"பதிமூணு புள்ளைங்க."

"சன்னலாண்ட?"

"அஞ்சாறு பேரு."

"இப்ப ஒருத்தரும் இல்லாத நேரமா பாத்து வந்துக்கிற." அடுத்த பேன்ட்டை எடுத்தார். "மாடிப்படில ஏறுனா எறங்குனா எம்புள்ளய 'மீன் புக்கு, மீன் புக்கு'ன்னு கூப்புட்றானுங்க. புக்கு கெடச்சிட்ச்சுன்னு நீ சொன்ன. இவ எடுக்கலன்னு சொன்னியா? திருப்பிக் கொணாந்து வெச்சிட்டாளாம், அப்டி பேசிக்கிறாங்க. எனக்கு வேல தர்றவங்க வூட்டுப் பொம்பளயும் அந்த சன்னலாண்டதான் நின்னுகினு இருந்தாங்க."

வில்சனுக்கு இது தெரியாது. கிரேன் அடியில் ஆள் நிற்பதைப் பார்க்காமல் விட்டவனைப் போல நின்றார். "சனிக்கெயம புள்ளய அனுப்புமா" என்றார்.

"அவ கால், அவ இஷ்டம்" என்றார் ஜெரினா.

இரண்டு நாளும் வில்சனுக்கு அதே யோசனை. சொல்லிவிட்டால் அம்மாக்கள் என்ன நினைப்பார்கள்? பொய் சொன்னவரிடம், பிள்ளையின் பையைக் கொட்டச் சொன்னவரிடம் நாளைக்கு யார் பிள்ளையை அனுப்புவார்கள்? சாவியை வாங்கிக்கொள்வார்கள். ரூத்திடம் சொன்னார். "சாவி போனா போவுது. நீ சொல்லலன்னா எனக்கே உன்னப் பாக்கப் புடிக்காது" என்று ரூத் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை நான்கு மணி. ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார், தோளில் கறுப்புப் பை. பதின்மூன்று பிள்ளைகள் பாயில். ஜன்னலில் வழக்கமான அம்மாக்கள். அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலே காலுக்கு ஃபரா வந்தாள். உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசற்படிக்கு வெளியே நின்றாள்.

வில்சன் ஜன்னலுக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார். ஆரம்பித்ததும் கால் கிளம்பியது. பெனிஷா கையை நீட்டினாள். "நடக்காம சொல்லுண்ணா" என்றாள்.

அவர் நின்றார். "மீன் புக்கு பொட்டிக்குப் பின்னாடி கெடக்கல. அது பொய்யி. நாந்தான் எங்க மாசானத்தாண்ட குடுத்துட்டு மறந்துட்டேன். ஃபரா எடுக்கல, திருப்பிக் கொணாந்து வெக்கவும் இல்ல. தெரிஞ்ச அன்னிக்கே நான் சொல்லிக்கணும். பயந்துகினு சொல்லல." வாசற்படியைப் பார்த்துத் திரும்பினார். "தப்பு என்னுது. சாரி ஃபரா."

ஜன்னலில் ஒரு பெண், "அடப்பாவி, பச்சப் புள்ளய" என்று முணுமுணுத்தது நன்றாகவே கேட்டது. இன்னொருத்தி ஃபராவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஃபரா அசையவில்லை.

முடிந்தது என்று வில்சன் நினைத்தார். முடியவில்லை. சைமன் எழுந்து நின்று யோசனையோடு கேட்டான். "அவ பைய கொட்டச் சொன்னியே. ஒன்னுது?"

வில்சனின் கை பையின் வாரைப் பிடித்துக்கொண்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். பிறகு ஜிப்பை இழுத்து, பையைத் தலைகீழாகப் பிடித்து, பாய் மேல் உதறினார். டிபன் பாக்ஸ் மூடி தனியே உருண்டது. பல் போன சீப்பு, சர்க்கரை மாத்திரை அட்டை, வேர்வைத் துண்டு, கிரீஸ் பிடித்த கையுறைகள். கடைசியாக நாற்பது பக்க நோட்டு ஒன்று விரிந்து விழுந்தது. அதில் எருமைக் கதை முழுவதும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. கஷ்டமான வார்த்தைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, மூச்சு விட வேண்டிய இடங்களில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். எட்டாவதோடு நின்றவர் ஒவ்வொரு கதையையும் இப்படி எழுதி எழுதிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சனிக்கிழமை வருகிறார் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துச் சிரித்தது. அப்புறம் நாலைந்து பேர் சிரித்தார்கள். ஜன்னலிலும் சிரிப்பு.

வில்சன் முட்டி போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். அவருக்கு யாரும் உதவிக்கு வரவில்லை. மூடியைத் தேடி எடுத்து டிபன் பாக்ஸில் பொருத்தினார். நோட்டை மூடி அடியில் வைத்தார். ஒரு கையுறை கிடைத்தது. இன்னொன்றைக் காணோம். அது உதறின வேகத்தில் வாசற்படியைத் தாண்டி ஃபராவின் காலடியில் போய்க் கிடந்தது.

அவள் குனிந்து அதைப் பார்த்தாள். எடுக்கவில்லை. செருப்புக் காலை நீட்டி, அதைப் படிக்கு இந்தப் பக்கம், அவருக்குக் கை எட்டுகிற தூரத்துக்கு, மெல்லத் தள்ளிவிட்டாள்.